மழைக்கோட்டுக்காரன் விழுந்தவனை அடிக்க மாட்டான்

முதலில் எனக்குக் கோபம் வந்தது நிறத்தைப் பார்த்துத்தான். மழைக்கோட்டுக்காரனின் கோட்டுக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தார்கள். நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள். பார்சலைப் பிரித்த கையோடு புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். மஞ்சள்தான்.

அவனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மழைக்கோட்டுக்காரன் ஒரு காமிக்ஸ் வீரன். ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில், பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்து பிழைக்கிறவன். வெயிலடிக்கும்போது அவனும் நம்மைப் போல ஒரு ஆள். மழை விழுந்து கோட்டு நனைந்துவிட்டால் ஓடுகிற ரயிலை ஒரு கையால் நிறுத்துவான், ஒரே எட்டில் தெருவைத் தாண்டுவான். மழை விட்டதும் திரும்பி வந்து பழையபடி குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எங்கள் சின்ன வயதில் அவன் கதைகள் தமிழில் வந்தன. சாணித் தாளில், கறுப்பு வெள்ளையில், மை ஒரு பக்கம் அப்பியும் ஒரு பக்கம் அழிந்தும் இருக்கும். அதே கதைகளை இப்போது வண்ணத்தில், கெட்டி அட்டை போட்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஆறு மாதம் முன்னாலேயே பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவள் நான்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைப் பரிசோதிக்கிற லேபில் வேலை. கறுப்புப் பலகையில் நூலை நெருக்கமாகச் சுற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று பலகை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே சீராக இல்லாத நூலை நான் பாஸ் பண்ண மாட்டேன். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மாட்டேன். இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறவளிடம், கதைக்குக் கதை ஒரு மாதிரி இருக்கிற வீரனைக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படிப் பொறுப்பேன்?

அவனை ஆளாளுக்குப் படுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் கதையில் இடது கன்னத்தில் இருக்கிற தழும்பு ஐந்தாவது கதையில் வலது கன்னத்துக்குப் போய்விடும். ஓவியர் மாறினால் தாடையும் மாறும். ஒரு கதையில் அவன் அநாதை. இன்னொரு கதையில் அவன் அம்மா ஊரிலிருந்து கடிதம் போடுகிறாள். டிவி கார்ட்டூனில் அடிக்கு ஒரு ஜோக் சொன்னான். சினிமாவில் அதைவிடக் கொடுமை. மழைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஷவரைத் திறந்து கோட்டோடு குளித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பினான். தலைக்குக் குளித்தவனெல்லாம் வீரன் என்றால், எங்கள் தெருவில் சனிக்கிழமைதோறும் நாற்பது பேர் கிளம்ப வேண்டியிருக்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்தக் குழுவில் அவனுடைய பழைய வாசகர்கள் முப்பது பேர் இருக்கிறோம். வாத்தியார், போஸ்ட்மாஸ்டர், பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவர் என்று பலதரப்பட்டவர்கள். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

மஞ்சளைக்கூடப் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அறுபத்தெட்டாம் பக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாலத்துச் சண்டை. ஈரத்தில் வழுக்கித் திருடன் குப்புற விழுந்துவிடுகிறான். மழை கொட்டுகிறது. எனக்கு இந்த இடம் மனப்பாடம். மழைக்கோட்டுக்காரன் குனிவான். கையை நீட்டுவான். "எழுந்திருப்பாயாக. விழுந்தவன்மேல் என் கை ஓங்குவதில்லை" என்பான். தூக்கி நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு சண்டை. அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடமும் நான் சும்மா நினைவில் வைத்திருக்கவில்லை, அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். லேபில் புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு லாட் நூலையே தப்பாகக் குறித்துவிட்டு, சுவரோடு ஒண்டி உட்கார்ந்து அழுதபோது, திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

புதிய புத்தகத்தில் அவன் குனிகிறான், ஆனால் கையை நீட்டவில்லை. கையில் குடைக்கம்பி இருக்கிறது. "கிட நாயே!" என்கிறான். விழுந்து கிடக்கிறவனை அடிக்கிறான். ஒரு கட்டத்தோடு விடவில்லை. மூன்று கட்டங்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து பதிப்பகத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஒரு நல்ல மனிதனைக் கொலைகாரனாக்கிவிட்டீர்கள் என்று எழுதினேன். பழைய பதிப்பில் அவன் பேசிய தமிழ் எவ்வளவு கம்பீரமானது, அதை எந்தக் கழுதை மாற்றியது என்றும் கேட்டேன். கழுதையைப் பிறகு அடித்துவிட்டு 'எவர்' என்று திருத்தினேன். பத்து நாளில் மரியாதையாக ஒரு பதில் வந்தது. பழைய பதிப்பின் வசனங்களையே ஒரு சொல் மாற்றாமல் போட்டிருக்கிறோம், வண்ணம் மட்டும்தான் புதிது, தங்கள் அன்புக்கு நன்றி. எனக்குத் தலை சூடேறிவிட்டது. குழுவில் போட்டேன். யாராவது சாட்சி சொல்லுங்கள், அவன் கைகொடுத்துத் தூக்கிவிட்டானா இல்லையா? ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. சிலருக்கு நினைவில்லை. சிலர் அடித்தான் என்றார்கள்.

எனக்குச் சாட்சி உலகத்தில் ஒரே ஆள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அண்ணன். அவனோடு நான் பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். அந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே அவனால்தான். கூடப் படிக்கிறவனிடம் இரவல் வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். அப்பாவுக்குக் காமிக்ஸ் ஆகாது. அப்பா மில்லில் மேஸ்திரி, சர்ச்சில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அவர் கட்டிலில் படுத்த பிறகு வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் அனுமதி. வேதவாசிப்பு. பிள்ளைகள் சத்தமாக வாசிக்க, அதைக் கேட்டுக்கொண்டே அவர் கண்ணயருவார். வாசிப்பு நின்றால் முழித்துக்கொள்வார்.

அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற அதே ராகத்தில், அதே நிறுத்தி நிறுத்திச் சொல்கிற குரலில், மழைக்கோட்டுக்காரனை வாசித்தான். பெரிய கறுப்புப் புத்தகத்துக்குள் காமிக்ஸை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பொழுது அவன் பாலத்தின்மேல் ஏறி, மேகங்களை நோக்கிப் பார்த்தான்" என்பான். அடுத்த அறையில் அப்பா திருப்தியாகப் புரண்டு படுப்பது கேட்கும். திருடன்கூட "ஐயோ, எனக்கு இரங்கும்" என்றுதான் பேசுவான். எனக்கு அப்போது ஐந்து வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது. படத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் தொடைமேல் தலையை வைத்துப் படுத்துக் கேட்பேன்.

அந்த மதியங்கள் இன்னும் எனக்குள் முழுசாக இருக்கின்றன. ஓட்டு இடுக்கு வழியாக விழுகிற வெயில், அதில் மிதக்கிற பஞ்சுத் தூசு, தூரத்தில் நிற்காமல் ஓடுகிற மில்லின் இரைச்சல், மாடத்தில் புறா. புத்தகத்துக்குள் மட்டும் மழை பெய்யும். ஜன்னல் வழியாக மேற்கே மலை தெரியும். மேகம் அதன்மேல் வந்து நிற்கும், யோசிக்கும், அந்தப் பக்கம் கேரளாவில் போய்க் கொட்டிவிடும். மழைக்கோட்டுக்காரன் நம்ம ஊருக்கு வந்தால் பலமில்லாமல் கஷ்டப்படுவானே என்று எனக்குக் கவலை. "அண்ணே, அவன் கோட்டு என்ன நிறம்?" என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "மழை வர முன்ன ஆகாசம் ஒரு நிறத்துல இருக்கும்லா, அது" என்று ரகசியமாகச் சொன்னான். கேள்வி கேட்டால் ராகம் அறுந்துவிடும் என்பதால் வேகமாகச் சொல்லிவிட்டு மறுபடி வாசிக்கப் போய்விட்டான். பாதி கேட்டு, பாதி தூங்கி, எது புத்தகத்தில் நடந்தது, எது கனவில் நடந்தது என்று தெரியாமலேயே எழுந்திருப்பேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னை அவர் ஒருநாளும் அதட்டியதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து காக்கிச் சட்டைப் பையிலிருந்து எனக்கென்று கடலை மிட்டாய் எடுத்துத் தருவார். அண்ணனிடமும் அன்பாகத்தான் இருந்தார் என்பதற்கு என்னிடம் ஒரு காட்சி இருந்தது. ஒருநாள் பின்கட்டுக்கு ஓடினேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அண்ணன் கீழே கிடந்தான். அப்பா அவன்மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அண்ணன் எழுந்து, கைகாலைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல பாப்பா, பாசியில வழுக்கி விழுந்துட்டேன். அப்பா கையைக் கொடுத்துத் தூக்கி விட்டாவ" என்றான். அப்பா இறந்தபோது சர்ச்சில் அவரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். இதைத்தான் சொன்னேன். பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிடுகிற தகப்பன் என்று சொல்லி அழுதேன். அண்ணன் அப்போது பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டான். பட்டாளம் இவனைக் கல்லாக்கிவிட்டது என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், சொந்த ஊர் வீட்டில் அம்மா இறந்த மூன்றாம் நாள் அந்த எண்ணம் உறுதியானது. நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள், அப்பாவின் டிரங்குப் பெட்டியை அண்ணன் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். காக்கிச் சட்டை, தொப்பி, அகலமான தோல் பெல்ட், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. தோல் எரிகிற நாற்றம் வாசல்வரை வந்தது. நான் கத்தினேன். ஒரு சட்டையையாவது எனக்கு விட்டு வைக்கக்கூடாதா, நீ மனுசனா என்று கேட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு ஒண்ணும் தெரியாது. வாயை மூடிட்டு உள்ள போ" என்றான். நான் உள்ளே போகவில்லை. ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். இது என் அண்ணன் இல்லை, இவன் வேறு யாரோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆக, சாட்சிக்கு அவனிடம் போக எனக்கு மனமில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மதினி போன் பண்ணியிருந்தாள். "ஏம்மா, ஒங்க அண்ணனுக்குச் சுகர்ல வலது கண்ணு போயிட்டு. எடது கண்ணும் கொஞ்சங் கொஞ்சமாப் போவுதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. பேப்பர் வாசிக்க முடியலன்னு உம்முனு உக்காந்திருக்காவ. செத்த நேரம் வந்துட்டுப் போயேன்." வாரேன் மதினி என்று சொன்னேன். போகவில்லை. எரிந்த பெட்டி கண்முன்னால் வந்து நின்றது.

கடைசியில் செட்டியார்பட்டிக்காரர்தான் எனக்கு உதவிக்கு வந்தார். குழுவில் இருந்த பேண்டேஜ் தறிக்காரர் அவர். தன்னிடம் அந்தக் கதையின் பழைய முதல் பதிப்பே இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டிக்குள், ஒவ்வொரு புத்தகத்தையும் தன் தறியில் நெய்த பேண்டேஜ் துணியில் சுற்றி வைத்திருந்தார். காயம்பட்டவர்கள் வரிசையாகப் படுத்திருப்பதுபோல் இருந்தது. ஒன்றை எடுத்து, மெதுவாகச் சுற்றைப் பிரித்து, என் முன்னால் வைத்தார். அந்த மை நாற்றம் முகத்தில் அடித்ததும் எனக்கு ஐந்து வயதாகிவிட்டது.

பாலத்துச் சண்டையை எடுத்தேன். அதே சாணித் தாள், அப்பிய மை, மழை. திருடன் விழுகிறான். மழைக்கோட்டுக்காரன் குனிகிறான். "கிட நாயே!" மூன்று கட்டங்கள்.

முன்னும் பின்னும் புரட்டினேன். வேறு கதையாக இருக்குமோ என்று அவரிடம் இருந்த மற்றப் புத்தகங்களையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்தேன். என் வாக்கியம் எங்கேயும் இல்லை. அவன் யாருக்கும் கைகொடுத்துத் தூக்கவில்லை. எல்லாக் கதையிலும் வாடா போடா என்றுதான் பேசினான்.

"பாத்தீங்களா யக்கா, ஒரு எழுத்து மாறல" என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "இது வந்தப்ப ஒங்களுக்கு எம்புட்டு வயசு இருக்கும்?"

"அஞ்சு."

"அஞ்சு வயசுல நீங்களா வாசிச்சிருப்பீங்க? யாராச்சும் வாசிச்சுக் காட்டியிருப்பாவல்லா?"

காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். பதிப்பகத்துக்கு எழுதிய மூன்று பக்கம் நினைவுக்கு வந்து காது சுட்டது. அவ்வளவு வருடமும் நான் கட்டிக் காத்த வீரனை எழுதியவர் எந்த வெளிநாட்டுக்காரரும் இல்லை. தொடைமேல் என் தலையை வைத்துக்கொண்டு, அப்பா முழித்துவிடாமல், ஒவ்வொரு வரியாக அப்போதைக்கப்போது மாற்றிச் சொன்ன பன்னிரண்டு வயதுப் பையன்தான் எழுதியிருந்தான். இது அவன் இல்லை, இது அவன் இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டது அந்தப் பையனுக்காகத்தான். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேப்பர் வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, மறுபதிப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இடது பக்க ஜன்னல். மலை கூடவே வந்தது. வெயில் தாழாத நேரம், ஆனாலும் மலைமேல் மேகம் இறங்கி அடிவாரத்துத் தோப்புகள் மங்கலாகத் தெரிந்தன. பஸ்ஸின் ஆட்டத்தில் கண் சொக்கியது. என்ன பேசுவது என்று யோசிக்க யோசிக்க, அண்ணன் குரலில் ஜெப ராகம்தான் கேட்டது. அப்பொழுது அவள் பேருந்தில் ஏறி, மேகங்களை நோக்கிப் பார்த்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பால் சுண்டக் காய்ச்சுகிற வாசனை வருகிற தெரு வழியாக நடந்தேன். மதினி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். பட்டாளத்து நிமிர்வு அப்படியே இருந்தது. முகம் மட்டும் என் பக்கம் சரியாகத் திரும்பாமல், கொஞ்சம் தள்ளிக் கதவைப் பார்த்தது.

"யாரு?"

"நான்தான்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

"சாப்பிட்டியாட்டி?" என்றான்.

"சாப்பிட்டேன்."

"பையில என்ன? புதுப் புத்தக வாசம் அடிக்கு."

நான் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தான். மேலே புடைப்பாக அச்சிட்டிருந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகக் கூட்டினான். மீசை லேசாக அசைந்தது.

"இன்னும் இவனை விடலியா நீ?"

"வாசிக்கட்டுமா?"

"வாசி."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெப ராகத்தில் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டான். அடுப்படியிலிருந்து மதினி எட்டிப் பார்த்தாள். அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. குடைக்கம்பி, பாலம், முதல் இடி, முதல் துளி. அண்ணன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டான். வெளியே காற்று மாறியிருந்தது. நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய மதியம் ஒன்று எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. பக்கங்கள் தாமாகப் புரள்வதுபோல் போயின. அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டேன்.

திருடன் விழுந்தான். மழைக்கோட்டுக்காரன் குனிந்தான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தேன். "அவன் தன் கையை நீட்டி, எழுந்திருப்பாயாக, விழுந்தவன்மேல் என் கை ஓங்குவதில்லை என்று சொல்லி, அவனைத் தூக்கிவிட்டான்."

அண்ணன் கண்ணைத் திறந்தான். பார்வை என்மேல் விழவில்லை.

"அப்படியா போட்டிருக்கு?"

"ஆமாண்ணே."

"பொய் சொல்லாத. உள்ளதை வாசி."

அவன் காத்திருந்தான். நான் ராகத்தை விட்டுவிட்டு, சாதாரணக் குரலில் வாசித்தேன். "கிட நாயே."

"பொறவு?"

"அடிக்கான்."

"எத்தனை அடி?"

"மூணு கட்டத்துல அடிக்கான்ணே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மூணுதானா" என்றான். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

முதலில் எனக்கு அது புரியவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். கீழே கிடக்கிறவன், மேலே குனிந்து நிற்கிறவன், ஓங்கிய கை. இந்தப் படத்தை நான் புத்தகத்துக்கு வெளியிலும் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. துவைக்கிற கல். காக்கிச் சட்டை. என்னைப் பார்த்ததும் உள்ளே போன முதுகு. கையைக் கொடுத்துத் தூக்கி விட்டாவ. பாசி இருந்ததாகச் சொன்னான். துவைத்த தண்ணீர் அரைமணியில் காய்ந்துவிடுகிற எங்கள் பின்கட்டில், மழையே இல்லாத அந்த ஊரில், பாசி எப்போது படர்ந்தது? பெட்டியில் அந்த அகலமான பெல்ட்தான் கடைசியாக எரிந்தது. அதன் பக்கிள் சிவந்து கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நீ மனுசனா என்று கேட்டேன். அதற்கும் முன்னால், சர்ச் முழுக்க ஆள் இருக்க, மைக்கில், அவன் முன்னால் அப்பாவை எப்படியெல்லாம் புகழ்ந்தேன்.

"ஏண்ணே என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல?" என்றான். "அவிய ஒனக்கு மிட்டாய் வாங்கிட்டு வருவாவ. நீ அவிய கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குவ. அதையும் கெடுக்கச் சொல்லுதியா?" பிறகு, "கதை வாசிச்சதும் ஒனக்காக மட்டும் இல்லட்டி. அந்தப் பக்கம் வந்தாலே எனக்கு உள்ளபடி வாசிக்க முடியாது. மாத்தி வாசிச்சாத்தான் அடுத்த பக்கம் போக முடியும்" என்றான்.

நான் அவன் முழங்காலில் தலையைச் சாய்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படிச் செய்ய வெட்கமாகத்தான் இருந்தது. அவன் கை வந்து தலைமேல் இருந்தது. அம்மா வீட்டில் வைத்து உன்னை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது அண்ணே என்றேன். "சரி, சரி" என்றான். மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். அப்பாவை நான் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடலை மிட்டாயும் நிஜம்தான், பெல்ட்டும் நிஜம்தான். கறுப்புப் பலகையில் சுற்றிப் பார்த்துக் கழித்துவிட அவர் நூல் இல்லை.

காப்பியைக் குடித்தோம். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மேகம் யோசிக்கவில்லை. காற்றில் மண்வாசனை வந்து, ஜன்னல் கம்பியில் இரண்டு துளி தெறித்தது. அண்ணன் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டான்.

"கலர்ல போட்டிருக்கான்னு சொன்னேல்லா?" என்றான். நான் சொல்லவில்லை. யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குழுச் சண்டைகளை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைப்பேன், மதினி படித்துக் காட்டியிருப்பாள் போல.

"ஆமாண்ணே, கலர்லதான்."

"கோட்டுக்கு என்ன நிறம் அடிச்சிருக்கான்?"

புத்தகம் என் மடியில் விரிந்து கிடந்தது. பக்கம் முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள். நான் அதைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

"மழை வர முன்ன ஆகாசம் ஒரு நிறத்துல இருக்கும்லா," என்றேன், "அது."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்கான்" என்றான் அண்ணன். "மேல வாசி."